வலென்சியாவில் நசுங்காத தேசிக்காய்

லண்டனில் ஐம்பத்தைந்தைத் தாண்டிய எங்கள் ஆக்களுக்கு இப்போது சைக்கிள் விசர் பிடித்திருக்கிறது. முன்பு வீட்டுக்கு மேல் வீடு வாங்கும் விசர் இருந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகளின் அரங்கேற்றத்துக்கு ஹோல் பிடிக்கும் விசர். இப்போது எல்லோருக்கும் சீனி வருத்தம் வந்து, டொக்டர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து இரண்டு சொல்லுச் சொன்னதும், சைக்கிளில் ஏறிவிட்டார்கள். ஞாயிறு காலைப் பூசைக்கு வந்து பார்த்தால் தெரியும். கோயில் மதிலோடு பத்துச் சைக்கிள் சாத்தியிருக்கும். உள்ளே, உடம்போடு ஒட்டின கறுப்புக் களிசானுக்கு மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டு, நெற்றியில் விபூதியும் ஹெல்மெட் பதிந்த வரியுமாகச் சாமிக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். எப்பிங் காடு வரைக்கும் போய் வந்த தூரம் போனில் இருக்கும். அதை முருகனுக்கும் ஒருக்கால் காட்டலாம் என்பதுபோல் போனைக் கையிலேயே வைத்திருப்பார்கள்.

நான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு பெற்றோல் ஷெட்டில் இருபத்தாறு வருடமாகக் கல்லாவில் இருக்கிறவன் நான். பெற்றோல் விற்றுச் சோறு தின்கிறவன் சைக்கிள் ஓடுவது செய்கிற உத்தியோகத்துக்குச் செய்கிற துரோகம் என்று எனக்கு ஒரு எண்ணம். அந்த எண்ணம் எனக்கு நல்ல வசதியாகவும் இருந்தது.

அப்படிப்பட்ட நான் ஸ்பெயினுக்குப் போய் மூன்று நாள் சைக்கிள் ஓடினேன். அதற்குக் காரணம் டொக்டர் இல்லை. முருகனுக்கு நான் நேர்ந்த ஒரு நேர்த்தி.

இரண்டு வருடத்துக்கு முன் என் மனுசிக்கு வயிற்றில் ஒரு கட்டி என்று ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் போய் நின்றேன். எதை நேர்வது என்று தெரியவில்லை. காவடி எடுக்கலாமென்றால் நாரி வலி விடாது. பிரதட்டை செய்யலாமென்றால், உருளத் தொடங்கினால் எங்கே போய் நிற்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை. முடி இறக்கலாமென்றால், அதை நான் நேராமலே முருகன் எடுத்து முடித்துவிட்டார். கொடுப்பதற்கு என்னிடம் மிச்சமாக என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு சொல்தான் இருந்தது. முப்பது வருடமாக வீட்டில் நான் சொல்லி வந்த சொல். பிறகு பாப்பம்.

சமையலறைக்கு நிலம் மாற்றுவது, அவள் கார் ஓடப் பழகுவது, சுவிசில் இருக்கிற தங்கை வீட்டுக்கு ஒருமுறை போய் வருவது, எதைக் கேட்டாலும் இந்த ஒரு சொல்தான் என் மறுமொழி. இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இல்லை என்கிறவனோடு சண்டை பிடிக்கலாம். பிறகு பாப்பம் என்கிறவனோடு என்னத்தைப் பிடிப்பது?

“முருகா, அவளை எழுப்பித் தா. இனி அவள் எதைக் கேட்டாலும் பிறகு பாப்பம் எண்டு சொல்ல மாட்டன். ஓம், சரி எண்டுதான் சொல்லுவன்.”

தவிலும் நாதஸ்வரமும் போட்ட போட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முருகனுக்கும் கேட்காமல் போய்விடும் என்று கொஞ்சம் உரத்துச் சொன்னேன். பாதியில் மேளம் நின்றுவிட்டது. தவில்காரர் எந்த நேரம் நிறுத்துவார் என்பது அவருக்கும் சாமிக்கும் மட்டும் தெரிந்த விசயம். பக்கத்தில் நிர்வாகசபைத் தலைவரின் மனுசி கண்ணை மூடிக்கொண்டு நின்றா. கண் மூடியிருந்தால் காதும் மூடியிருக்கும் என்று நான் நம்பினேன்.

கட்டி கெட்ட கட்டி இல்லை என்று வந்தது. இரண்டு கிழமையில் மனுசி வீட்டுக்கு வந்துவிட்டாள். நேர்த்தியை வெளியில் சொல்லக்கூடாது என்பார்கள், அதனால் அவளுக்கும் சொல்லவில்லை. சொல்லாததற்குப் பக்தி மட்டும் காரணமில்லை, பயமும்தான். இப்படி ஒரு நேர்த்தி இருப்பது தெரிந்தால் அவள் என்னவெல்லாம் கேட்பாள்? அவள் வாய் திறந்தாலே நான் எழும்பி வேறு அறைக்குப் போய்விடுவேன். ஒருநாள் குளியலறைப் பைப் ஒழுகுகிறது என்றாள். ஒரு மணித்தியாலத்துக்குள் புதிது வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். பைப்பைப் பார்க்காமல் என்னைத்தான் கனநேரம் பார்த்தாள். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. அவள் ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு வருடம் போய், இரண்டாவது வருடமும் போய்விட்டது. நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். முருகன் கொடுக்கிறதைக் கொடுத்துவிட்டு வாங்குகிறதை மறந்துவிடுகிற ஆள் இல்லை என்பதை மறந்துபோனேன்.

அவள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். அங்கே அவளோடு வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு ஊர் ஸ்பெயினில் இருக்கிற வலென்சியா. கிழங்கு உரித்துக்கொண்டே அந்தப் பெண் தன் ஊர்ப் படங்களை இவளுக்குப் போனில் காட்டியிருக்கிறா. ஒரு பின்னேரம் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு மனுசி சொன்னாள், அந்த ஊரில் ஆற்றை வேறு பக்கம் திருப்பி விட்டிருக்கிறார்களாம், ஆறு ஓடின இடத்தில் பூந்தோட்டம் வைத்துச் சைக்கிள் ஓடுகிறார்களாம், ஊருக்கு வெளியே வயலும் ஒரு பெரிய ஏரியும் இருக்கிறதாம்.

பிறகு குரலை மாற்றாமல் சொன்னாள். “ஹாஃப் ரேர்ம் பள்ளி லீவுக்கு அங்கை போய்ச் சைக்கிள் ஓடுவமே?”

தேத்தண்ணி சுட்டது. சுடச்சுட விழுங்கினேன். ஓம் என்றேன். அவள் ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. அதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் ஆக்கள் வெளிநாடு போவதென்றால் வீட்டையும் கொண்டுதான் போவார்கள். வறுத்த மா, இடித்த மிளகாய்த்தூள், சோறு அவிக்கிற குக்கர், விபூதிச் சிரட்டை, கைக்கு அடக்கமான முருகன் படம் எல்லாம் பெட்டிக்குள் போயிற்று. உடுப்புக்கு இடம் போதவில்லை. புறப்படுகிற நேரம் மனுசி, சைக்கிள் எடுத்தால் சில்லுக்கு வைக்கத் தேசிக்காய் வேண்டும் என்பீர்கள், ஈஸ்ட் ஹாம் தமிழ்க்கடையில் நாலு வாங்கி வைக்கட்டோ என்று கேட்டாள். நான் சிரித்தேன். ஸ்பெயின் தேசிக்காய் விளைகிற நாடு, அங்கே இங்கிருந்து தேசிக்காய் கட்டிக்கொண்டு போகிற விசரன் நான் இல்லை என்றேன். அவள் பெட்டியைப் பூட்டினாள்.

இதை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் எந்த வாகனத்தை எடுத்தாலும் முதலில் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்து, அதை நசுக்கிக்கொண்டுதான் புறப்படுவோம். வருகிற ஆபத்தெல்லாம் அந்தக் காயோடு போகும். லண்டனில் நான் எடுத்த மூன்று காருக்கும் அப்படித்தான் செய்தேன். ஒரு விபத்தும் நடந்ததில்லை. வாடகைச் சைக்கிள் என்றால் ஆபத்து யோசித்துப் பார்த்துவிட்டா வரப்போகிறது?

வலென்சியாச் சந்தை ஒரு ரயில் ஸ்ரேசன் அளவு பெரியது. மேலே கண்ணாடிக் கூரை. அங்கே தேசிக்காய் கேட்டேன். தந்தார்கள். என்னுடைய பொத்தின கை அளவு ஒவ்வொன்றும். மஞ்சள் நிறம், தோல் ஒரு விரற்கடைத் தடிப்பு. எங்கள் தேசிக்காய் நாலைத் தின்று வளர்ந்த மாதிரி இருந்தது. மனுசி ஒன்றைக் கையில் வைத்து அமத்திப் பார்த்துவிட்டு, இது நசியாது என்றாள். காரே நசிக்கிறது, சைக்கிள் நசிக்காதோ என்று கேட்டேன். கேட்டபிறகுதான் கேள்வியின் பிழை விளங்கிற்று. ஆனால் வாயால் விட்டது விட்டதுதான்.

பழைய கோட்டை வாசலுக்குக் கிட்ட ஒரு சின்னக் கடையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்தோம். முன்னால் கூடை வைத்த பாரமான சைக்கிள் இரண்டு. கடைக்காரர் இளந்தாரி, காதில் வளையம், நல்ல பண்பான பிள்ளை. நான் சந்தனம் வைத்தபோது பார்த்துக்கொண்டிருந்தார். தேசிக்காயைச் சில்லுக்கு அடியில் வைத்தபோது கிட்ட வந்து பார்த்தார். கற்பூரத்தை எடுத்தபோது எண்ணெய்ப் போத்தல்களைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். நான் கற்பூரத்தைத் திரும்பப் பையில் போட்டேன். ஊரோடு ஒத்துப் போகத்தானே வேண்டும்.

முருகா என்று சொல்லி மிதித்தேன். முன்சில்லு தேசிக்காயில் ஏறிற்று. ஏறியது, இறங்கவில்லை. ஒரு கணம் நானும் சைக்கிளும் அந்தக் காயின் உச்சியில் நின்றோம் என்று நினைக்கிறேன். பிறகு காய் ஒரு பக்கம் போயிற்று, சைக்கிள் மற்றப் பக்கம் போயிற்று, நான் கல்லுப் பதித்த தெருவில் இடது கையை ஊன்றிக்கொண்டு இருந்தேன். தேசிக்காய் உருண்டு போய் ஒரு கோப்பிக்கடைக் கதிரைக்குக் கீழே நின்றது. ஒரு கீறலும் இல்லை.

கடைக்காரர் ஓடிவந்து தூக்கினார். ஐஸ் கொண்டுவந்து கட்டினார். உடைவில்லை, சுளுக்குத்தான். மனுசி தன் சில்லுக்கு அடியில் இருந்த தேசிக்காயைக் காலால் மெல்ல ஒதுக்கிவிட்டு, சைக்கிளில் ஏறினாள். முப்பது வருடம் சைக்கிளைத் தொடாத மனுசி. ஒரு ஆட்டம் ஆடினாள், இரண்டாவது ஆட்டம் ஆடவில்லை. தெருவின் முடிவு வரைக்கும் போய், வளைத்துத் திரும்பி வந்து, கோப்பிக்கடைக் கதிரைக்குக் கீழே கிடந்த தேசிக்காயை எடுத்துத் தன் கூடையில் போட்டாள்.

“ஆபத்து உங்களோடை போயிட்டுது,” என்றாள். “இனி நாங்கள் வடிவாப் போகலாம்.”

முதல் நாள் ஆறு இல்லாத ஆற்றில் ஓடினோம். முன்னொருகால் பெரிய வெள்ளம் வந்து ஊரை அழித்திருக்கிறது. அதற்குப் பிறகு ஆற்றையே ஊருக்கு வெளியால் போ என்று சொல்லிவிட்டார்கள். ஆறும் போய்விட்டது. எங்கள் கவுன்சில்காரருக்கு என் வீட்டுக்கு முன்னால் இருக்கிற ஒரு குழியை மூடச்சொல்லி நான் எழுதின கடிதங்களை நினைத்துக்கொண்டேன். மேலே பெரிய பெரிய கல்லுப் பாலங்கள், கீழே தண்ணிக்குப் பதிலாக நாங்கள். தோடை மரங்களுக்கு, அதுதான் ஆரஞ்சு மரங்களுக்கு, நடுவால் சைக்கிள் பாதை. முடிவில் வெள்ளையாகச் சில கட்டடங்கள், பெரிய மீன் முள்ளுகளைக் கழுவி வெயிலில் காயவைத்த மாதிரி. உலகமெல்லாம் இருந்து ஆக்கள் வந்து அதற்கு முன்னால் நின்று தங்களைத் தாங்களே படம் எடுக்கிறார்கள். சைவக்காரனான எனக்கு அதில் பெரிய ஈடுபாடு வரவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைகளை இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுக்கிறார்களாம். இருபத்தாறு வருடமாகப் பூட்டாத கடையில் நின்று வேலை செய்தவன் நான். எங்கள் ஷெட்டின் கதவுக்குப் பூட்டும் திறப்பும் இருக்கிறதோ என்றே எனக்குத் தெரியாது. பூட்டிக் கிடந்த ஒரு பேக்கரிக்கு முன்னால் நின்று, இந்தச் சனம் எப்படி முன்னேறும் என்று கேட்டேன். மனுசி தெருவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்னேறித்தான் படுக்குதுகள் போல என்றாள்.

சாப்பாட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஊர் சோற்றுக்குப் பேர்போனது. அகலமான இரும்புத் தட்டில் சோறு சமைத்து, அதற்குள் முயலும் நத்தையும் போடுகிறார்கள். நத்தை என்று கேட்டவுடன் நான் எழும்பிவிட்டேன். மனுசி இருத்தினாள். மரக்கறி மட்டும் போட்டுத் தரச்சொல்லிக் கையாலும் காலாலும் விளங்கப்படுத்தினோம். வந்தது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் தட்டின் அடியில் பிடித்துக் கருகின சோற்றை ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தது. அந்தக் கருகலுக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள், அதுதான் விசேசமாம். என் மனுசி முப்பது வருடத்தில் மூன்று முறை சோற்றை அடிப்பிடிக்க விட்டிருக்கிறாள். மூன்று முறையும் நான் சொன்னவற்றை ஒன்றும் விடாமல் அந்த மேசையில் இருந்து எனக்குத் திருப்பிச் சொன்னாள். நான் கருகலைச் சுரண்டிச் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் வடக்குப் பக்கம் தோட்டங்களுக்குள் போனோம். அங்கே கோரைக்கிழங்கு பயிரிடுகிறார்கள். எங்கள் ஆக்கள் பிடுங்கி எறிகிற கோரை, அல்லது அதின் சகோதரம். அதை வரிசையாக நட்டு, தண்ணி பாய்ச்சி, கிண்டி எடுத்து, ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்துச் சீனி போட்டுக் குளிரக் குளிரக் குடிக்கிறார்கள். மனுசி இரண்டு கிளாஸ் குடித்தாள். எனக்குச் சீனி வருத்தம் என்று ஒரு வாய்தான் தந்தாள். அன்று பகல் முழுக்க அவள் எனக்கு முன்னால்தான் ஓடினாள். நான் பின்னால் ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, முதுகில் முருகன் படம் இருந்த பையோடு ஓடினேன். ஒவ்வொரு சந்தியிலும் அவள் நின்று திரும்பிப் பார்ப்பாள். இன்னும் கொஞ்சத் தூரம் போவமோ என்பாள். ஓம் என்பேன். ஒவ்வொரு ஓமும் மணிக்கட்டில் குத்திற்று.

மூன்றாம் நாள் காலை கை வீங்கிவிட்டது. விரலை மடக்க முடியவில்லை. ஹோட்டலின் படியில் இருந்துகொண்டு, இன்றைக்கு அறையில் இருந்து தேவாரம் படிக்கலாம், பின்னேரம் பெட்டி கட்டலாம் என்று மனதுக்குள் ஒரு நல்ல திட்டம் போட்டேன். மனுசி சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். ஏரிக்கு இன்னும் போகவில்லை, நாளைக்குப் பிளேன், இன்றைக்குப் போவமோ என்று கேட்டாள்.

வாய் தானாகத் திறந்தது. முப்பது வருடப் பழக்கம்.

“பிற...” என்றேன்.

அங்கேயே நிறுத்திக்கொண்டேன். ஆனால் அவள் விடவில்லை.

“சொல்லுங்கோ,” என்றாள். “முருகனுக்கு நேர்ந்தது இருக்கட்டும். நீங்கள் சொல்லுங்கோ.”

யார் சொன்னது என்று கேட்டேன். தலைவரின் மனுசிதான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த நேரம், கொண்டுவந்த முந்திரிகைப் பழத்தை மேசையில் வைக்க முதலே சொல்லிவிட்டாவாம். உம்மடை மனுசன் கோயிலிலை நிண்டு குழறினவர், நீர் எதைக் கேட்டாலும் இனி ஓமாம், எழும்பி வாரும் என்றாவாம். மயக்கம் தெளிந்து அவள் கேட்ட முதல் செய்தி அது. அந்தக் கிழமை கோயிலுக்கு வந்த எல்லோருக்கும் அது தெரியும். இரண்டு வருடமாக நான் பூசைக்குப் போகும்போதெல்லாம் பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு ஓடுவது எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று.

“அப்ப ரெண்டு வருசம் ஏன் ஒண்டும் கேக்கேல்லை நீர்?”

“கேட்டா நீங்கள் ஓம் எண்டுதான் சொல்லவேணும். முருகனுக்குப் பயந்து சொல்லுற ஓமை வைச்சு நான் என்ன செய்யிறது?”

“அப்ப இதை மட்டும் ஏன் கேட்டனீர்?”

“இது புதுசாக் கேட்டதில்லை. லண்டனுக்கு வந்த முதல் வருசம் கேட்டது. இங்கிலீஷ் வகுப்புக்குப் போக ஒரு சைக்கிள் வாங்கித் தாங்கோ எண்டனான். பிறகு பாப்பம் எண்டனீங்கள். அந்தப் பிறகு இப்பதான் வந்திருக்கு.”

எனக்கு அது ஞாபகமில்லை. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வகுப்புக்கு அவள் போகவேயில்லை என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. இங்கிலீஷ் தெரியாதபடியால்தான் இருபது வருடம் சமையலறையில் கிழங்கு உரிக்கிறாள். அதைக் கோயிலில் நான் பகிடியாகவும் சொல்லியிருக்கிறேன்.

அவள் கோபமாகக் கதைக்கவில்லை. என் கையைத் தூக்கிப் பார்த்தாள். வீக்கத்தை அமத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள், நீங்கள் இருங்கோ, நான் தனியப் போயிட்டு வாறன், உங்களைக் கேட்காமல் போகிறபடியால் நேர்த்தியும் முறியாது. சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

சட்டப்படி நான் தப்பிவிட்டேன். அவள் கேட்கவில்லை, நான் மறுக்கவில்லை, முருகனுக்கும் எனக்கும் ஒரு பிணக்கும் இல்லை. கோயில் நிர்வாகசபைக்காரர் கூட இதைவிட வடிவாக ஒரு தீர்மானம் எழுதமாட்டார்கள். ஹோட்டலுக்கு முன்னால் இருந்து கோப்பி ஒன்று எடுத்தேன். அது முட்டைக்கோது அளவு கிண்ணத்தில் வந்தது. இரண்டு மிடறு. அந்த இரண்டு மிடறு முடிய முன்னமே எனக்கு இருக்க முடியவில்லை. அறைக்குப் போய் முருகன் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு கும்பிட்டேன். என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக நான் அவளுக்குச் சொன்ன ஓம் எல்லாம் உனக்குத்தான் சொன்னது, அவளுக்கு ஒன்றுகூடச் சொல்லவில்லை என்று மனதில் பட்டது. படத்தை மேசையில் வைத்தேன். இந்த முறை கூட்டிக்கொண்டு போகவில்லை. நீ இங்கேயே இரு, நான் தனியப் போயிட்டு வாறன் என்றேன்.

நான் அந்த நாட்டில் ஓடின ஓட்டத்தை எந்தப் போனும் அளக்கவில்லை. எப்பிங் காட்டுக்காரர் பார்த்திருந்தால் தங்கள் களிசானைக் கழற்றித் தந்திருப்பார்கள். ஒரு கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஹாண்டில். ஊர் முடிந்து, பெரிய ரோட்டுக்குப் பக்கத்தால் பாதை, பிறகு வயல். வெட்டி முடிந்த நெல்வயல், தண்ணி விட்டுக் கிடக்கிறது. வரப்பு மாதிரி நேர்நேராக வழிகள், எல்லாம் ஒன்றுபோல. இரண்டு முறை பிழையான வழியில் போய் வாய்க்காலில் முட்டித் திரும்பினேன். வெள்ளைக் கொக்குகள் எழும்பவும் இல்லை, சட்டை செய்யவும் இல்லை. எதிர்க்காற்று. என்னை ஒரு கிழவி சைக்கிளில் முந்திக்கொண்டு போனா. கூடையில் கீரைக் கட்டும் ஒரு சின்ன நாயும் இருந்தன. நாய் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

ஏரிக்கரையில் படகுத்துறை ஒன்று இருந்தது. மரப்பலகையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனுசி இருந்தாள். பக்கத்தில் சைக்கிள், கூடைக்குள் அதே தேசிக்காய். தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

“என்ன, முருகன் கலைச்சு விட்டவரோ?”

“இல்லை,” என்றேன். மூச்சு எடுத்துத்தான் மிச்சத்தைச் சொல்ல முடிந்தது. “அவர் ஹோட்டலிலை. நானாத்தான் வந்தனான்.”

அவள் பாதிப் பழத்தை நீட்டினாள். சீனி வருத்தக்காரனுக்குப் பாதி. இருந்து சாப்பிட்டோம். ஏரி பெரிதாக, ஆழமில்லாமல், ஒரு அசைவும் இல்லாமல் கிடந்தது. படகில் போவமோ என்று நான்தான் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, உங்கடை கையோடை படகில் ஏற ஏலாது, விழுந்தா உங்களையும் நான்தான் தூக்கவேணும் என்றாள். கேட்டது கிடைக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். நான் கேட்டது ஒரு படகு. அவள் கேட்டவை எத்தனையோ.

திரும்பி வந்து சைக்கிளைக் கொடுத்தபோது கடைக்காரப் பிள்ளை முதலில் என் கையைப் பார்த்தார், பிறகு கூடையில் இருந்த தேசிக்காயைப் பார்த்தார். பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்கா, தேசிக்காய்க்கா என்று தெரியவில்லை.

லண்டனுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, கையில் கட்டோடு கோயிலுக்குப் போனேன். நிர்வாகசபைத் தலைவர் பிடித்துக்கொண்டார். ஸ்பெயினில் எத்தனை மைல் ஓடினீர்கள், சராசரி வேகம் என்ன, சீற்றுக்கு மெத்தை வைத்த களிசான் போட்டீர்களோ என்று கேட்டார். ஒரு கிழவியும் ஒரு நாயும் என்னை முந்தின வேகம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. போய்ச் சந்நிதியில் நின்றேன். பக்கத்தில் அவருடைய மனுசி கண்ணை மூடிக்கொண்டு நின்றா. மேளம் போட்டது. இந்த முறை நான் அவசரப்படவில்லை. தவில்காரர் நிறுத்தும் வரைக்கும் பொறுத்திருந்து, நின்ற பிறகு, தெளிவாகவே சொன்னேன்.

“முருகா, அந்த நேர்த்தி இண்டையோடை முடிஞ்சுது. உன்னட்டைச் சொன்ன ஓமை நீ வைச்சுக்கொள். இனி அவளுக்குச் சொல்லுறது என்ரை சொந்த ஓம்.”

கண்ணை மூடி நின்ற முகத்தில் காது மட்டும் அசைந்தது என்று சத்தியம் செய்வேன்.

கோயிலில் இருந்து எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் எட்டுத் தரிப்பு. நான் போய் இறங்க முதலே செய்தி போய் இறங்கியிருந்தது. மனுசி வீட்டுக்கு முன்னால் நின்றாள். பள்ளிக்கூடத்துக்குப் போய்வர அந்தக் கிழமைதான் பழைய சைக்கிள் ஒன்று எடுத்திருந்தாள். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பின்சில்லைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. குசினி யன்னலில், நாலாகக் கீறி உப்புப் போட்டு, ஸ்பெயின் தேசிக்காய் போத்தலுக்குள் ஊறிக்கொண்டிருந்தது. நான் நசிக்க முடியாததை அவள் கத்தியால் நசித்துவிட்டாள்.

“செயின் கழண்டுபோச்சு,” என்றாள்.

கேட்கவில்லை, சும்மா சொன்னாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினேன். ஒரு கையால் செயின் பூட்டுவது லேசில்லை. அவள் சில்லைப் பிடித்துக்கொண்டாள். கொளுவி முடிய, வெள்ளிக்கிழமை வேட்டி முழுக்க எண்ணெய்க் கறுப்பு. அந்தக் கறை இன்னும் போகவில்லை. அதைப் பற்றி அவள் சொல்வதும் இன்னும் முடியவில்லை.